டீசல் அண்ணாச்சி

ராஜபாளையத்தில் பெட்ரோல் ஜீப்புக்கு டீசல் எஞ்சின் வைக்க வேண்டும் என்று யார் கேட்டாலும், தென்காசி ரோட்டில் பேச்சிமுத்துவின் ஷெட்டுக்குத்தான் வழி சொல்வார்கள். மேற்கே மலையடிவாரத்தில் மாவும் தென்னையும் போட்டிருப்பவர்களுக்கு நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி இல்லாமல் முடியாது. ஓடை மணலிலும் உருண்டைக் கல்லிலும் காய் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு இறங்க வேண்டும். பழைய பெட்ரோல் எஞ்சின் குடிப்பதையும் குடித்துவிட்டு ஏற்றத்தில் மூச்சு வாங்கும். அதைக் கழற்றிவிட்டு, அடிபட்டு ஓரங்கட்டிய வேறு வண்டியிலிருந்து நல்ல டீசல் எஞ்சினாகப் பார்த்து எடுத்துப் பொருத்துவார்கள். பேச்சிமுத்து அப்படி நாற்பத்தொரு வண்டிகளுக்குச் செய்திருந்தார். அவருடைய சொந்த ஜீப் மட்டும் பெட்ரோலிலேயே ஓடிக்கொண்டிருந்தது.

இதை வைத்து அவரைக் கேலி செய்யாத ஆள் கிடையாது. பக்கத்து லேத் பட்டறை சோலைராஜ், ஊருக்கெல்லாம் கறிச்சோறு போடுகிறவன் தான் மட்டும் கஞ்சி குடிக்கிறான் என்பார். பேச்சிமுத்து பதிலுக்கு, இந்தச் சத்தம் கேட்டால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு பற்றும் என்பார். கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். அவர் அதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

அவருக்குச் சொந்த ஊர் வ. புதுப்பட்டி. மனைவி சுடலைமாடத்தி கான்சாபுரத்துப் பெண். கல்யாணமான புதிதில் அவர் இன்னொருவர் பட்டறையில் கூலி. மாடத்தி சத்திரப்பட்டியிலிருந்து வரும் பேண்டேஜ் துணியை வீட்டில் வைத்து மடித்துக் கட்டிக் கொடுப்பாள். ஒரே பெண் பிள்ளை, செல்வலட்சுமி. இப்போது திருப்பூரில் குடித்தனம். சொந்த ஷெட் போட்ட வருஷம் ஏலத்தில் அந்த ஜீப்பை எடுத்தார். இருபத்தெட்டு வருஷமாகிறது. தோப்பில் மாட்டிக்கொண்ட வண்டியை இழுத்து வருவது, சாமான் ஏற்றுவது, வீட்டுக்கு வருவது எல்லாம் அதில்தான்.

வீடு அய்யனார் கோவில் போகிற வழியில், தண்ணீர் தொட்டி இருக்கும் தெருவில். சாயங்காலம் ஆறரைக்கு ஜீப் தொட்டிப் பக்கம் திரும்பும்போது கியரை ஒன்று குறைப்பார். பெட்ரோல் எஞ்சின் அந்த இடத்தில் தொண்டையைச் செருமிக்கொள்கிற மாதிரி ஒரு சத்தம் போடும். அதைக் கேட்டதும் மாடத்தி தோசைக் கல்லை அடுப்பில் வைப்பாள். அவர் வண்டியை நிறுத்தி, கை கால் கழுவி, வந்து உட்காரும்போது முதல் தோசை தட்டில் விழும். தெருவில் எத்தனை வண்டி போனாலும் அவளுக்குத் தப்பாது. அவர் வராமல் அவள் சாப்பிட்டதும் கிடையாது. இருவரும் இதைப் பற்றி ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் மாடத்திக்கு மறதி ஆரம்பித்தது. முதலில் உப்பை இரண்டு தடவை போட்டாள். பிறகு மார்க்கெட்டிலிருந்து வீடு திரும்பும் வழி தெரியாமல் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தாள். மதுரையில் டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இது வயசுக்கு வருகிற சாதாரண மறதி இல்லை, மூளை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகிற நோய், குறையாது, பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று சொன்னார். பகலில் பார்த்துக்கொள்ள ஷெரினை ஏற்பாடு செய்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து காலையில் பஸ்ஸில் வந்து ராத்திரி எட்டரை பஸ்ஸுக்குத் திரும்புவாள். ஆஸ்பத்திரியில் எட்டு வருஷம் வேலை பார்த்தவள். அதிகம் பேச மாட்டாள்; சொன்ன நேரத்துக்கு மாத்திரை கொடுப்பாள், மாதம் ஒரு தடவை எடை பார்த்துக் காலண்டரில் எழுதுவாள்.

மூன்றாவது வருஷம் மாடத்திக்கு முகங்கள் போயின. மகள் வந்து நின்றால், இந்தப் புள்ள யாரு, நல்லா இருக்கே என்பாள். மதியத்தில் பேச்சிமுத்து கட்டிலில் சாய்ந்திருந்தால், வீட்டுக்குள் எவனோ படுத்திருக்கிறான் என்று கூச்சல் போடுவாள். ஆனால் ஆறரைக்கு ஜீப் தொட்டிப் பக்கம் செருமியதும் எழுந்துவிடுவாள். தலையைக் கையால் ஒதுக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போவாள். அடுப்பைப் பற்றவைக்க விடக்கூடாது என்று ஷெரின் அதற்கு முன்பே சிலிண்டரை மூடி வைத்திருப்பாள். அந்தச் சத்தத்துக்குப் பின்னால் வாசலில் நுழைகிற மனிதர் மட்டும் மாடத்திக்கு எப்போதும் பேச்சிமுத்துவாகவே இருந்தார். முகத்தை வைத்து அவரை அவள் கண்டுபிடிக்கவில்லை என்பது ஷெரினுக்குத்தான் முதலில் புரிந்தது.

அதற்குப் பிறகு அது ஒரு வைத்தியமாகிவிட்டது. பகலில் அவரைப் பார்த்து மாடத்தி மிரண்டால், வாதாடாமல் வெளியே போய் ஜீப்பை எடுப்பார். தெருவை ஒரு சுற்றுச் சுற்றித் தொட்டிப் பக்கம் கியரைக் குறைத்துத் திரும்புவார். உள்ளே வந்தால், "என்ன இன்னைக்குச் சீக்கிரமா வந்துட்டிய" என்பாள். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவர் ஒரே நாளில் நாலு தடவை சுற்றியதும் உண்டு. சோலைராஜ் விஷயம் தெரியாமல், என்னலே, பெட்ரோல் பங்குக்கு வாக்கப்பட்டுட்டியா என்று கேட்டார்.

போன சித்திரையில் அந்த எஞ்சின் செத்தது. மதுரை டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு ஷெரின் லீவு. கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் மாடத்தி, என்னை எங்கேயோ கூட்டிப் போகிறான் என்று அழுதுகொண்டு இறங்கப் பார்த்தாள். பழைய ஜீப்பில் கதவென்று பெயருக்கு ஒரு தார்ப்பாய்தான். பேச்சிமுத்து இடது கையால் அவள் சேலைத் தலைப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு வலது கையால் ஓட்டினார். ரேடியேட்டரில் தண்ணீர் ஒழுகி, சூடு காட்டும் முள் கடைசிக்கு ஏறிவிட்டதைப் பார்த்தார். நிறுத்தினால் அவள் ரோட்டில் இறங்கி ஓடுவாள். இரண்டு பக்கமும் லாரி. நிறுத்தாமலே ஓட்டினார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஷெரின் வீட்டு வாசலில் போய் நின்றபோது பானட்டுக்குள்ளிருந்து ஆவி கிளம்பியது. மாடத்தியை ஷெரின் கைபிடித்து இறக்கினாள். எஞ்சினின் இரும்பு உடம்பில் மேலிருந்து கீழ்வரை விரிசல் விழுந்திருந்தது.

விரிசல் விட்ட எஞ்சினை என்ன செய்வது என்பது பேச்சிமுத்துவுக்கு மனப்பாடம். அதே மாதிரி பெட்ரோல் எஞ்சின் இன்னொன்று கிடைக்குமா என்று விசாரித்தார். தேனிப் பக்கம் ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் உள்ளே எல்லாம் துரு. அவருடைய ஷெட்டிலேயே ஒரு டீசல் எஞ்சின் இருந்தது. எண்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியது, தோப்புக்காரர் ஒருவருக்காக எடுத்து வைத்து, அவர் வேண்டாம் என்று விட்டது. அதைப் பார்த்துக்கொண்டே அரைநாள் நின்றார். பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆர்.டி.ஓ. ஆபீசில் எஞ்சின் மாற்ற அனுமதிக்கு எழுதிக் கொடுத்தார். மற்றவர் வண்டிக்கு எப்படிச் செய்வாரோ அப்படியே. அனுமதி வந்ததும் வேலையை ஆரம்பித்தார்.

நாற்பத்திரண்டாவது வண்டி. அதற்கு முன் எந்த வண்டிக்கும் அப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்ததில்லை. டீசல் எஞ்சின் நீளம் என்பதால் ரேடியேட்டரை ஒரு சாண் முன்னால் தள்ளினார். எஞ்சினும் பழைய கியர் பாக்ஸும் ஒன்றோடொன்று சேராது. நடுவில் வைக்க சோலைராஜ் லேத்தில் ஒரு தட்டுக் கடைந்து கொடுத்தார். அந்தத் தட்டு மயிரிழை கோணினாலும் கிளட்ச் அரைபடும். நாலு தடவை ஏற்றி இறக்கிப் பார்த்தார். பள்ளத்தில் முன் ஆக்சில் எகிறி ஆயில் தொட்டியில் இடிக்கும் என்று தொட்டியை வெட்டி ஒட்டினார். எடை கூடியதற்கு முன்பக்க வில்லில் ஒரு பட்டை சேர்த்தார். எஞ்சினைத் தாங்கும் ரப்பரைக்கூட மெத்தென்று இருப்பதாக மாற்றினார், மாடத்திக்கு இடுப்பு நோகக் கூடாது என்று. நீளம், எடை, சூடு, ஆட்டம் எல்லாவற்றையும் யோசித்தார்.

அந்த மூன்று வாரமும் சோலைராஜின் பைக்கில் வீட்டுக்கு வந்தார். மாடத்தி அவரை ஏறிட்டுப் பார்க்கவில்லை. வீட்டுக்காரர் வரட்டும் என்று தட்டைத் தள்ளினாள். ஷெரின் ஏதேதோ சொல்லிப் பாதி இட்லி, அரை டம்ளர் பால் என்று உள்ளே இறக்கினாள். வண்டி வந்துவிட்டால் சரியாகிவிடும் என்று இருவரும் நாளை எண்ணினார்கள். ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே ஷெரின், வண்டிச் சத்தம் மாறுமா ஐயா என்று கேட்டாள். அவர் அன்றைக்குத்தான் எஞ்சினை உள்ளே உட்காரவைத்திருந்தார், வாயெல்லாம் பல்லாக இருந்தார். சத்தம் மட்டுமா, இழுவையே மாறும், இனி அய்யனார் கோவில் ஏற்றத்தை மூன்றாவது கியரில் ஏறலாம் என்றார். ஷெரின் வேறு கேட்கவில்லை. அவள் ஏன் கேட்டாள் என்று அவரும் யோசிக்கவில்லை. நாற்பது வருஷம் எஞ்சின் சத்தத்தைக் கேட்டே நோய் கண்டுபிடித்த மனிதருக்கு அது புத்தியில் ஏறாமல் போனது. அவருக்குச் சத்தம் என்றால் எஞ்சின் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று சொல்வது. அது அவர் பெயரையும் சொல்லிக்கொண்டிருந்தது என்பதை அவர் மறந்துவிட்டார்.

முதல் நாள் ஆறரைக்கு டீசல் ஜீப் தொட்டிப் பக்கம் திரும்பியது. கடகடவென்ற சத்தம் தெருவை நிரப்பியது. உள்ளே மாடத்தி, தண்ணி லாரி வருது, குடத்தை எடு என்று ஷெரினிடம் சொன்னாள். பேச்சிமுத்து வாசலில் வந்து நின்றபோது முந்தானையைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரோரம் நகர்ந்தாள்.

அவர் சிரித்துக்கொண்டே, "ஏட்டி, நான்தான்" என்றார்.

"யாரைப் பாத்து ஏட்டிங்கீரு?" என்றாள் மாடத்தி. "எங்க வீட்டுக்காரவிய வர்ற நேரம். வெளிய போயிரும்."

வெளியே போனார். பழக்கத்தில் வண்டியை எடுத்துத் தெருவை ஒரு சுற்றுச் சுற்றினார். திரும்பி வரும்போதுதான், தான் செய்வது என்ன என்பது அவருக்கு உறைத்தது. எஞ்சினை அணைத்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு மாடத்தி ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

அடுத்த இரண்டு வாரத்தில் மனிதர் செய்யாத தவறில்லை. கல்யாணப் போட்டோவைக் கழற்றி வந்து தன் முகத்தோடு ஒட்டி வைத்துக் காட்டினார். ரேஷன் கார்டைக் காட்டினார். போட்டோவில் இருந்தவரை மாடத்திக்குத் தெரிந்தது. எதிரில் நின்ற நரைத்த தலையைத் தெரியவில்லை. நீ எப்படி அவிய போட்டோவை எடுக்கலாம் என்று சண்டைக்கு வந்தாள். ஷெரின் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, நிரூபிக்கிற வேலை வேண்டாம், நிரூபிக்க நிரூபிக்க பயம்தான் கூடும் என்று சொன்னாள்.

அப்புறம் திருப்பூரிலிருந்து செல்வலட்சுமி போனில் ஒரு யோசனை சொன்னாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பொங்கலுக்கு வந்தபோது அப்பா வண்டியில் வந்து இறங்குவதை வீடியோ எடுத்து வைத்திருந்தாள். அதில் பெட்ரோல் எஞ்சின் சத்தம் தெளிவாக இருந்தது. அனுப்பி வைத்தாள். ஆறரைக்கு ஜன்னலுக்கு வெளியே ஸ்பீக்கரை வைத்துப் போட்டார்கள். செருமல் கேட்டதும் மாடத்தி எழுந்தாள். அத்தனை வாரத்துக்குப் பிறகு முகம் மலர்ந்தது. தலையை ஒதுக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பேச்சிமுத்து உள்ளே நுழைந்தார். அவள் அவரைத் தாண்டிப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் யாரும் இல்லை. வண்டி வந்துவிட்டது, வண்டிக்காரர் எங்கே என்று கேட்டுக் கேட்டு வாசற்படியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவரை யாரோ ஏதோ செய்துவிட்டார்கள் என்று முடிவு கட்டிவிட்டாள். உள்ளே கூட்டி வருவதற்கு ஒன்றரை மணி நேரமானது. ஷெரின் எட்டரை பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே தங்கினாள். காலையில் அந்த வீடியோவை அவளே அழித்தாள்.

மாதக் கடைசியில் எடை பார்த்தபோது நாற்பத்தேழு கிலோ இருந்தவள் நாற்பத்தொன்று. முதுகெலும்பின் கடைசியில் தோல் சிவந்திருந்தது. படுத்தே கிடந்தால் அங்கே புண் வரும். வந்தால் ஆறாது.

பேச்சிமுத்து ஷெட்டுக்குப் போய், டீசல் எஞ்சினை மறுநாள் தூக்குவதற்காக விட்டத்தில் சங்கிலிக் கப்பியை மாட்டினார். ஓரத்தில் கிடந்த பழைய எஞ்சினைச் சோலைராஜிடம் காட்டி, விரிசல் நெடுக ஆணி இறக்கித் தைத்துக் கொடு என்றார். சோலைராஜுக்கு அப்போதுதான் முழுக்கதையும் தெரிந்தது. கேலிக்காரர் அன்றைக்குக் கேலி பேசவில்லை. விரிசலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "தைச்சுத் தாரேன். ஆனா ஆறு மாசம் தாங்காது பாத்துக்கோ" என்றார். ஆறு மாசம் போதும் என்றார் பேச்சிமுத்து.

சாயங்காலம் டீசல் வண்டியிலேயே வீட்டுக்கு வந்து ஷெரினிடம் இதைச் சொன்னார். அவள் மாடத்தியின் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள், எஞ்சின் தைக்க எத்தனை நாள் ஆகும் என்று. மூன்று வாரம் என்றார்.

"ஆச்சி மூணு வாரம் தாங்கணுமே ஐயா" என்றாள். "அப்படியே மாட்டுனாலும், அந்தச் சத்தமும் எம்புட்டு நாளைக்கு அவங்களுக்கு ஞாபகம் இருக்கும்னு தெரியாது. மூஞ்சி போன மாதிரி அதுவும் ஒரு நாள் போகும். இன்னைக்கு ராத்திரி சாப்பிடணும். அதைப் பாருங்க."

அவர் போய் வாசலில் நின்றார். சட்டையெல்லாம் கிரீஸ். கப்பிச் சங்கிலி இழுத்ததில் கை சிவந்திருந்தது. மாடத்தி கட்டிலில் உட்கார்ந்து துண்டுகளைப் பேண்டேஜ் துணி மாதிரி நாலாக, எட்டாக மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அந்தக் கைகளுக்கு மட்டும் எதுவும் மறக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தவள், அவர் ஒன்றும் பேசாமல் ஓரமாக நிற்பதைக் கண்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு மரியாதையாகக் கேட்டாள்.

"அவியளைப் பாக்க வந்தீயளா?"

பேச்சிமுத்துவுக்கு இல்லை என்று சொல்லத் தெம்பில்லை. ஆமா என்றார்.

"அந்த டீசல் வண்டி உங்களுதா?"

அதற்கும் ஆமா என்றார்.

"அவிய இன்னும் வரல. வர்ற நேரந்தான். உக்காருங்க அண்ணாச்சி."

முப்பத்தெட்டு வருஷம் குடித்தனம் நடத்தியவள் அண்ணாச்சி என்கிறாள். ஷெரின் சட்டென்று திரும்பிக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். அவள் சிரித்தாளா அழுதாளா என்று அவருக்குத் தெரியவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். வேலைக்கு வந்த இடத்தில் உட்காருவது போல, முழங்காலில் கையை வைத்துக்கொண்டு.

மாடத்தி உள்ளே பார்த்து, அண்ணாச்சிக்கு இட்லி எடுத்து வை என்றாள். ஷெரின் இரண்டு தட்டாகக் கொண்டு வந்து வைத்தாள். மாடத்தி தன் தட்டைத் தள்ளினாள். வீட்டுக்காரர் வந்த பிறகு என்றாள்.

பேச்சிமுத்துவின் வாயில் ஏட்டி என்ற வார்த்தை வந்து நின்றது. அதை விழுங்கினார். தங்கச்சி என்றும் கூப்பிட வாய் வரவில்லை.

"அப்ப எனக்கும் வேண்டாம்மா" என்றார். "வீட்டு ஆளு கை நனைக்காம நான் எந்த வீட்டுலயும் கை நனைக்கிறதில்ல."

மாடத்தி யோசித்தாள். நெடுநேரம் யோசித்தாள். யோசிக்கிறாள் என்பதே பெரிய விஷயம் என்பது போல ஷெரின் கதவோரம் அசையாமல் நின்றாள்.

"அதெப்படி?" என்றாள் கடைசியில். "வந்த ஆளு பசியோட போனா அவிய என்னைய ஏசுவாவ. ஒரு தடவை ஆலங்குளத்துல இருந்து ஒரு டிராக்டர்காரரு வந்து, காப்பித் தண்ணி கூடக் குடிக்காமப் போயிட்டாரு. எம்புட்டுப் பேச்சு பேசிட்டாவ."

பேச்சிமுத்துவுக்கு அது நினைவில் இல்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் என்றைக்கோ வாய்க்கு வந்ததைப் பேசியிருப்பார். பேசிய ஆள் மறந்து போயிருக்கிறார். அவரையே மறந்தவளுக்கு அது மறக்கவில்லை.

அவள் இட்லியில் ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டாள். அவரும் ஒரு துண்டு பிட்டார். அவள் நிறுத்தினால் அவரும் நிறுத்தினார். அவர் தட்டு அப்படியே இருப்பதைப் பார்த்து அவளுக்குச் சங்கடமாகி, இன்னொரு வாய் எடுப்பாள். மூன்று இட்லி இறங்குவதற்கு முக்கால் மணி நேரம். ஷெரின் காலண்டரில் ஒரு கோடு போட்டாள்.

சாப்பிட்டு முடித்த விருந்தாளி கிளம்ப வேண்டும். கிளம்பாமல் உட்கார்ந்திருந்தால் மாடத்திக்குப் படபடப்பு வருகிறது என்பதை அன்றைக்கே பார்த்தார்கள். அதனால் ஏழரைக்கு எழுந்து விடைபெறுவார். வண்டியைத் தொட்டிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பார். ஷெரின் அவளைப் படுக்கவைத்து, தூங்கியதும் போனில் ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தன் வீட்டுக்குள் வருவார். அவள் பஸ்ஸுக்குப் போவாள். காலையில் ஷெரின் முதல் பஸ்ஸில் வந்ததும், மாடத்தி விழிக்கும் முன்னால் கிளம்பிவிடுவார். தெருவில் இரண்டு பேர் பார்த்துவிட்டு ஒரு மாதிரி விசாரித்தார்கள். ஷெரின் தன் பாணியில் இரண்டே வார்த்தையில் பதில் சொன்னாள். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

மறுநாளே சோலைராஜிடம் போய்த் தைக்க வேண்டாம் என்றார். சங்கிலிக் கப்பியைக் கழற்றி வேறு வண்டிக்கு மாட்டினார். பெட்ரோல் எஞ்சினோடு வருகிற புருஷனை நம்பி அவளைப் பட்டினி போட முடியாது. டீசல் வண்டியில் வருகிற அண்ணாச்சி வந்தால் மூன்று இட்லி. கணக்கு அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆடி முடிவதற்குள் எடை நாற்பத்து மூன்றரைக்கு வந்தது. முதுகில் சிவப்பு மறைந்தது. இப்போது டீசல் சத்தம் கேட்டதும் ஷெரினிடம், ஏட்டி, அண்ணாச்சி வாராவ, நாற்காலியை எடுத்துப் போடு என்று சொல்ல ஆரம்பித்திருந்தாள்.

புருஷன் முன்னால் மாடத்தி அதிகம் பேசியவள் இல்லை. அண்ணாச்சியிடம் பேசினாள். எல்லாம் புருஷனைப் பற்றித்தான். அவிய கை வச்சா எந்த வண்டியும் எந்திரிச்சு ஓடும் என்றாள். கோபம் வந்தால் சோற்றுத் தட்டைத் தள்ளுவார், ஆனால் அரைமணி நேரத்தில் தானே வந்து கேட்டு வாங்கிச் சாப்பிடுவார் என்றாள். செல்வலட்சுமி பிறந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் கிரீஸ் கையோடு வந்து நின்று, தொடலாமா என்று கேட்டாராம். பேச்சிமுத்து தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். அந்த மனிதரைப் பற்றி அவள் சொல்லச் சொல்ல அவரை ஒரு தடவை பார்க்க வேண்டும் போல இவருக்கே இருந்தது. ஆறரை எப்போது வரும் என்று மதியத்திலிருந்தே கடிகாரத்தைப் பார்த்தார். முன்பும் பார்ப்பார்தான், அது பசிக்காக.

ஐப்பசி மழையில் அய்யனார் கோவில் ஆற்றில் தண்ணீர் வந்தது. ஊர் ஜனம் பார்க்கப் போய் வந்துகொண்டிருந்தது. அன்று மழைக்கு ஷெட்டைச் சீக்கிரம் மூடிவிட்டு ஐந்து மணிக்கே அவர் வந்தபோது மாடத்தி கொஞ்சம் தெளிவாக இருந்தாள். மழைச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, ஆத்துல தண்ணி வந்துருக்குமே என்றாள்.

"வந்துருக்கும்மா" என்றார்.

"அவிய தோப்புக்குப் போறப்பல்லாம் அந்த வழியாத்தான் போவாவ. என்னைய ஒருநாளும் கூட்டிட்டுப் போனதில்ல. முன்சீட்டுல எப்பவும் சாமான் பெட்டி இருக்கும். தண்ணி வரட்டும், பெட்டியை எறக்கிட்டு உன்னையக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னாவ. கேக்கக்கூடாது பாருங்க. வேலை இருக்கும்லா அவியளுக்கு."

எப்போது சொன்னார், எந்த வருஷம், ஒன்றும் தெரியவில்லை. சொல்லியிருப்பார். எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்த்தார். டீசல் ஜீப்பின் முன்சீட்டில் பெட்டி இல்லை. மாடத்திக்கு இடுப்பு நோகக் கூடாது என்று புதிதாகத் தைத்துப் போட்ட மெத்தை, யாரும் உட்காராமல் பிளாஸ்டிக் உறையோடு இருந்தது. மழையும் விட்டிருந்தது. இருட்ட இன்னும் நேரம் இருந்தது. உள்ளே வந்தார்.

"என் வண்டி வாசல்லதான் நிக்கி" என்றார். "ஷெரினும் வரட்டும். செத்த நேரம் போயி தண்ணியப் பாத்துட்டு வந்துருவமாம்மா? முன்சீட்டுல உக்காந்துக்கிடலாம்."

ஷெரின் செருப்பைத் தேடப் போய்விட்டாள். மாடத்தி சிரித்தாள். அவர் வெகுநாளாகப் பார்க்காத சிரிப்பு.

"நல்லா இருக்கே" என்றாள். "பொறத்தி ஆம்பளை வண்டியில நான் எப்படி ஏறுவேன் அண்ணாச்சி? அவிய வந்து வீடு பூட்டிக் கெடக்கிறதைப் பாத்தா என்ன நினைப்பாவ? கூட்டிட்டுப் போறேன்னு அவிய சொல்லிருக்காவ. அவிய கூடத்தான் போவேன்."

பேச்சிமுத்து வற்புறுத்தவில்லை. அதுவும் சரிதான் என்றார். ஷெரின் தட்டு வைத்தாள். அவர் கை நனைத்தார், அவள் கை நனைத்தாள். அன்றைக்கு நாலு இட்லி சாப்பிட்டாள்; ஆறு, தண்ணீர் என்று பேசிக்கொண்டே எண்ணாமல் சாப்பிட்டாள்.

ஏழரைக்கு அவர் எழுந்தார். மாடத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வந்தாள். தெரு முனையை எட்டிப் பார்த்தாள். தொட்டிப் பக்கம் எந்த வண்டியும் திரும்பவில்லை.

"வழியில அவியளைப் பாத்தா, ஆத்துல தண்ணி வந்துட்டுன்னு சொல்லுங்க அண்ணாச்சி" என்றாள். "வெரசா வரச் சொல்லுங்க."

"சொல்லுதேன்ம்மா" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.